திருச்சிச் சுருட்டின் மண் எது? ஒரு பெயரும் அதன் இலையும்

திருச்சிச் சுருட்டு என்று உலகம் அறிந்த பொருளின் இலை பெரும்பாலும் திருச்சியில் விளைந்ததல்ல. திண்டுக்கல் சீமையின் கிணற்றுப் பாசன வயல்களில் விளைந்து, பாடம் செய்யப்பட்டு, மூட்டைகளாக உறையூருக்கும் தென்னூருக்கும் வந்த இலை அது. சுருட்டிய கைகள் இருந்த ஊரின் பெயர் பெட்டியின் மேல் ஏறியது. இலை விளைந்த ஊர்களின் பெயர் எங்கும் ஏறவில்லை.

இன்றைய உயர்தரச் சுருட்டுச் சந்தையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே இலையின் நிலத்தைச் சொல்லாமல் ஒரு பெட்டியும் விலைபோவதில்லை. மேல் இலை ஈக்வடார், கட்டும் இலை நிகராகுவாவின் ஹலாபா, உள் இலை டொமினிக்கன் குடியரசின் சிபாவ் பள்ளத்தாக்கு என்று ஒவ்வோர் அடுக்குக்கும் ஊர் சொல்லப்படுகிறது. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ வட்டாரம் சுருட்டு புகைப்போரிடையே பெற்றிருக்கும் மதிப்பு, பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்கள் மது அருந்துவோரிடம் பெற்ற மதிப்புக்குக் குறைந்ததல்ல. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகப் புகையிலை பயிரிட்டு வரும் தமிழ் நிலத்தில் அப்படி ஒரு வயல்பெயர் ஏன் உருவாகவில்லை? மண் இடங்கொடுக்கவில்லையா, வாணிபம் இடங்கொடுக்கவில்லையா? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இதுவரை சொல்லப்பட்டவை

இதைப் பற்றிய நம் புரிதல் மூன்று வகை எழுத்துகளிலிருந்து வருகிறது. முதலாவது, காலனிய ஆட்சியின் மாவட்டக் கையேடுகள். நெல்சனின் மதுரைச் சீமை நூல் (1868), லூயிஸ் மூரின் திருச்சிராப்பள்ளிக் கையேடு (1878), பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியர் (1906), ஹெமிங்வேயின் திருச்சி கெசட்டியர் (1907) ஆகியவை இந்த வரிசையில் வருபவை. இவ்வகை நூல்கள் பயிரை வரி தரும் சரக்காகவும் சுருட்டை ஏற்றுமதிப் பொருளாகவும் பார்க்கின்றன. திண்டுக்கல் புகையிலையில் ஊசிக்காப்பல், வாரைக்காப்பல் என்று இரு முக்கிய வகைகள் இருந்ததை ஆங்கில அதிகாரிகளின் ஏடுகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஆனால் எந்தக் கிராமத்து இலை எதற்கு உகந்தது என்ற உழவரின் அறிவு அவற்றில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, பெருமை பேசும் எழுத்து. இதில் இரண்டு சான்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். மற்றொன்று, வின்ஸ்டன் சர்ச்சில் திண்டுக்கல் அல்லது திருச்சிச் சுருட்டின் தீராத ரசிகர் என்னும் கதை.

இரண்டையும் கொஞ்சம் நிதானமாக எடைபோட வேண்டும். சர்ச்சில் 1895இன் இறுதியில் கியூபாவுக்குப் போனார். அடுத்த ஆண்டுதான் பெங்களூரில் படைப்பணிக்கு வந்தார். அவர் வாழ்நாள் முழுதும் விரும்பிப் புகைத்தவையாகத் தெளிவாக அறியப்படுபவை ரோமியோ இ ஹூலியட்டா முதலான ஹவானாச் சுருட்டுகள். அந்த நிறுவனத்தின் நீண்ட அளவு ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பெங்களூரில் இருந்த ஓர் இளம் அதிகாரியின் கைக்கு மதராஸ் மாகாணத்துச் சுருட்டு வந்து சேர்ந்திருப்பது இயல்பே. அதிலிருந்து வாழ்நாள் பற்று ஒன்றைக் கட்டியெழுப்ப ஆதாரம் போதாது என்பதே என் முடிவு.

ஹோம்ஸ் சான்று இதைவிடப் பயனுள்ளது, ஆனால் நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருளில் அல்ல. அந்தக் கதையில் திருச்சிச் சுருட்டைப் புகைப்பவர் பிரபு அல்லர். லண்டனில் வாடகைக் குதிரை வண்டி ஓட்டிப் பிழைப்பவர். மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த இரண்டாவது நாவலிலும் திருச்சிச் சுருட்டின் சாம்பல் கறுப்பு என்ற குறிப்பு வருகிறது. ஆக, விக்டோரியா கால லண்டனில் அது வண்டிக்காரருக்கும் எட்டிய, காரமான, கறுத்த சாம்பல் விடும் சுருட்டு. புகழ் பரவலாக இருந்தது. உயர்தரம் என்ற மதிப்பு அத்தனை உறுதியாக இல்லை. கறுத்த சாம்பல் என்ற அந்தச் சிறு விவரம் நம்மை நேராக மண்ணுக்கு அழைத்துச் செல்கிறது.

மூன்றாவது வகை, வேளாண் அறிவியலாரின் எழுத்து. பொதுவாசகர் இதை அதிகம் தொடுவதில்லை. என் பார்வையில் விடையின் பாதி இங்கேதான் இருக்கிறது.

மண்ணும் நீரும் உப்பும்

புகையிலைச் செடி நிலத்திலிருந்து எதை உறிஞ்சுகிறதோ அது இலை எரியும் விதத்தில் வெளிப்படும். பொட்டாசியம் மிகுந்த இலை அணையாமல் சீராகக் கனலும். குளோரைடு மிகுந்த இலை கருகும், அடிக்கடி அணையும், சாம்பல் கறுக்கும். இந்த உறவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சு வேதியியலர் தியோஃபில் ஷ்லோசிங் ஆராய்ந்து விளக்கினார். இலையின் உலர் எடையில் குளோரைடு ஏறத்தாழ 2 விழுக்காட்டைத் தாண்டினால் அது புகைப்பதற்கு உதவாது என்பது இன்றைய பயிர் அறிவியலின் பொதுக் கருத்து. செடிக்கும் குளோரைடுக்கும் இடையில் காவல் எதுவும் இல்லை. நீரில் இருப்பதை அது தாராளமாக எடுத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டுப் புகையிலை பெரும்பாலும் கிணற்று நீரில் வளர்வது. திண்டுக்கல், வேடசந்தூர், கரூர், ஈரோட்டுப் பக்கங்களில் பல கிணறுகளின் நீர் உவர்ப்புடையது. உவர்நீரைத் தாங்கும் பயிர் என்பதே உழவர் புகையிலையை விரும்பியதற்கு ஒரு காரணம். வேதாரண்யத்தின் கடலோர மணலிலும் அதே கதை. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளை நம்பிய தோட்டங்களிலும் நீரின் உவர்ப்பு என்றைக்கும் ஒரு கவலையாகவே இருந்துவருகிறது. இத்தகைய நீரில் விளையும் இலை தடித்து, காரமேறி, கனமாக வரும். மெல்லுவதற்கு அது மிகப் பொருத்தம்; வாயில் ஊறும் இலைக்கு எரியும் குணம் தேவையில்லை. வேதாரண்யத்து இலை வெற்றிலையோடு சேர்ந்து பெயர் வாங்கியதற்கும், யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் தாண்டித் திருவிதாங்கூரில் மெல்லும் புகையிலையாகவே நெடுங்காலம் விலைபோனதற்கும் இதில் காரணம் இருக்கிறது.

இதற்கு மாறான நிலம் கோதாவரியில் உள்ளது. இராஜமுந்திரிக்குக் கீழே ஆற்றின் நடுவே எழும் தீவுத் திட்டுகளை அங்கே லங்கா என்பார்கள். ஆண்டுதோறும் வெள்ளம் புது வண்டலைப் போர்த்தி, பழைய உப்பைக் கழுவிக்கொண்டு போகும். அந்த லங்காப் புகையிலைதான் சுட்டா என்னும் ஆந்திரத்துச் சுருட்டுக்கு உயிர். காக்கிநாடாத் துறைமுகம் வழியே பர்மாச் சுருட்டுக்கும் அது கப்பலேறியது. சுருட்டிலைக்கு மண் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே கிடைக்கும் தெளிவான சான்று இந்த லங்காக்கள்தான்.

திண்டுக்கல் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. செம்மண், கரிசல் கலந்த நிலங்கள். கிணற்றுக்குக் கிணறு மாறும் நீர். நல்ல நீருள்ள தோட்டத்தில், நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டு, கன்று நட்டு, பூ எடுக்கும் முன் நுனியைக் கிள்ளி, பக்கத் துளிர்களை ஒடித்து வளர்த்த ஊசிக்காப்பல் சுருட்டுக்குரிய உள் இலையாகத் தேறியது. பக்கத்துத் தோட்டத்தில் உவர்நீர் பாய்ந்த இலை மெல்லும் புகையிலைக்குப் போயிற்று. ஒரே வட்டாரத்தில், சில வேளை ஒரே ஊரில், இரண்டு தலைவிதிகள்.

குயிலாப்பாளையத்தை இங்கே நினைத்துப்பார்ப்பது பொருத்தம். வானூர் வட்டத்தின் அந்தச் செம்மண் மேடு புதுச்சேரியிலிருந்து கூப்பிடு தூரம். புதுச்சேரி 1674 முதல் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த துறைமுகம். சுருட்டு புகைப்போருக்கும் கப்பலுக்கும் குறைவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் முனீசுவரன் படையலில் சாராயத்தோடு சுருட்டும் இடம்பெறுகிறது. கடலோரக் குப்பங்களில் வயதான பெண்களும் சுருட்டு பிடித்தவர்களே. இருந்தும் அந்த மேட்டில் வேர்பிடித்தது முந்திரிதான். மழைநீர் அரித்து ஓடைகளாக வெட்டிய சரளைச் செம்மண், அடியுரமும் இடைவிடாத பாசனமும் கேட்கும் புகையிலைக்கு ஏற்றதல்ல. நுகர்வோர் அருகில் இருப்பதாலோ துறைமுகம் அருகில் இருப்பதாலோ இலை நிலம் உருவாகிவிடாது. சுருட்டு வெளியூரிலிருந்து வந்தது. மண் தன்னால் முடிந்ததைத் தந்தது.

எனவே மண் ஓர் எல்லை கட்டியது என்பது உண்மை. ஆனால் அதுவே முழு விடை என்று சொல்லிவிட முடியாது. திண்டுக்கல்லில் நல்ல நீர்க் கிணறுகள் இருந்தன. உள் இலைக்கு உரிய வகைகள் இருந்தன. மண்ணைக் குறைசொல்லி ஒதுங்கும் எழுத்து, அந்தக் கிணறுகளைச் சுருட்டிலைக்கென்றே காத்துக்கொள்ள யாரும் ஏன் முன்வரவில்லை என்பதை விளக்காமல் விட்டுவிடுகிறது.

மேல் இலையின் பயணம்

ஒரு நல்ல சுருட்டில் மூன்று இலைகள் உண்டு: உள்ளே வைக்கும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, மேலே சுற்றும் இலை. மேல் இலை மெல்லியதாக, நரம்பு தெரியாததாக, கிழிசல் இல்லாததாக, ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். எடையில் மிகக் குறைவு. விலையில் மிக அதிகம். காரமும் கனமும் கொண்ட திண்டுக்கல் இலை இதற்கு ஒத்துவரவில்லை. எனவே திண்டுக்கல்லில் பெரிய சுருட்டு ஆலை நடத்திய ஸ்பென்சர் போன்ற நிறுவனங்கள் மேல் இலையை ஜாவா, சுமத்ராவிலிருந்து வரவழைத்தன.

அந்தச் சுமத்ரா இலைக்குப் பின்னால் தமிழரும் இருக்கிறார்கள். 1863இல் யாகோபஸ் நியன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் கிழக்குச் சுமத்ராவின் டெலிப் பகுதியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். 1869இல் டெலிக் கம்பெனி உருவானது. காட்டை வெட்டி ஒரு போகம் எடுத்து, பிறகு பல ஆண்டுகள் நிலத்தை ஓய விட்டு விளைவித்த டெலி இலை உலகின் தலைசிறந்த மேல் இலையாகப் பெயர்பெற்றது. வயலில் சீனத் தொழிலாளரும் பின்னர் ஜாவானியரும் உழைத்தார்கள். சாலை போடவும் வாய்க்கால் வெட்டவும் மாட்டுவண்டி ஓட்டவும் தமிழர் கொண்டுசெல்லப்பட்டார்கள். மேடான் நகரின் மாரியம்மன் கோயில் அந்தக் குடியேற்றத்தின் எச்சம். 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைத் தண்டிக்க வழிசெய்தது. தோட்டங்களில் நடந்த கொடுமைகளை வழக்கறிஞர் வான் டென் பிராண்ட் 1902இல் வெளியிட்ட சிறுநூல் அம்பலப்படுத்தியது. அதன் விளைவாக நடந்த அரசு விசாரணை அவற்றை உறுதிசெய்தது. திண்டுக்கல் சுருட்டின் பளபளப்பான மேல்தோல், தமிழ்க் கூலிகள் போட்ட சாலை வழியாகத் துறைமுகம் வந்த இலையாகவும் இருந்திருக்கலாம். நிலத்தின் சிறப்பை மட்டும் பாடுவோர் இந்த உழைப்பைப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல.

டெலியின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. சுமத்ரா இலையின் போட்டியைத் தாங்க முடியாத அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கு உழவர்கள் 1900இல் வின்ட்சரில் சுமத்ரா விதையை நட்டு, வயலுக்கு மேல் துணிப் பந்தலிட்டு, வெயிலைக் குறைத்து, ஈரத்தைத் தேக்கினார்கள். கனெக்டிகட் நிழல் இலை என்று இன்று தனிப்பெயரோடு விற்பது அப்படிப் பிறந்தது. ஈக்வடாரில் மேகமே பந்தலாகிறது. அங்கும் சுமத்ரா, கனெக்டிகட் விதைகள். ஆப்பிரிக்கக் கேமரூனின் புகழ்பெற்ற மேல் இலைக்கும் சுமத்ரா விதைதான் மூலம். நிலத்தின் குணம் என்று இன்று விலைபேசப்படுவதில் ஒரு பகுதி இயற்கை. இன்னொரு பகுதி உழவரும் ஆய்வாளரும் முதலீட்டாளரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்து உருவாக்கியது.

இந்தியா இதை முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. 1947இல் இராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று ஒரு கிளை வந்தது. மேல் இலைக்கு வங்காளத்தின் வடகோடியில் உள்ள தீன்ஹாட்டாவில் தனி நிலையம் அமைந்தது. ஆனால் இவை நிறுவப்பட்ட காலத்திலேயே சுருட்டின் வெள்ளைக்கார வாடிக்கையாளர் கப்பலேறிக்கொண்டிருந்தனர்; உள்ளூர்ப் புகைஞர் பீடிக்கும் சிகரெட்டுக்கும் மாறிக்கொண்டிருந்தனர். ஆராய்ச்சி வந்த வேகத்தைவிடச் சந்தை கலைந்த வேகம் அதிகம்.

கையும் ஊரும்

இலை திண்டுக்கல்லில், பெயர் திருச்சியில். இந்தப் பிரிவு எப்படி ஏற்பட்டது? திருச்சியில் பெரிய படைமுகாம் இருந்தது. சிப்பாய்களும் அதிகாரிகளும் வாங்கிப் பழகிய ஊரின் பெயர்தான் சரக்கோடு லண்டன் போயிற்று. 1875இல் திருச்சியையும் மதுரையையும் திண்டுக்கல் வழியாக ரயில் இணைத்தபோது, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்து இலைமூட்டைகள் உறையூருக்கு வந்து சேர்வது இன்னும் எளிதாயிற்று. உறையூர் நெசவுக்குப் பேர்போன ஊர். விரல் நுணுக்கத்தால் பிழைப்பது அங்கே புதிதல்ல. ஃபென் தாம்சன் போன்ற நிறுவனங்களின் பெயர்கள் அந்த ஊரின் சுருட்டுத் தொழிலை 20ஆம் நூற்றாண்டு நெடுகச் சுமந்துவந்தன.

சுருட்டும் வேலையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. இலையை நீர் தெளித்துப் பதமாக்கி, நடுநரம்பைக் கிழித்தெடுத்து, உள் இலையைக் காற்றுப் போகும்படி அடுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் புகை வராது. தளர்ந்தால் எரிந்து தீர்ந்துவிடும். அதற்கு முன்னதான பாடம் செய்தல் இன்னும் நுட்பமானது. உலர்ந்த இலையை அம்பாரமாகக் குவித்து, உள்ளே சூடேற விட்டு, கை வைத்துப் பார்த்துப் பிரித்து, மேலதைக் கீழாக மாற்றி அடுக்குவார்கள். அந்தச் சூட்டில்தான் காறல் குறைந்து மணம் வரும். கியூபாவிலும் நிகராகுவாவிலும் இதே வேலை மாதக்கணக்கில், உயர்ந்த இலைக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. விரைவாக விற்றுப் பணமாக்க வேண்டிய சிறு வியாபாரிக்கு அத்தனை காலம் காத்திருக்க மூலதனம் ஏது? தரத்தின் வேறுபாட்டில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

சுருட்டுத் தொழிலாளியின் உலகம் ஊருக்கு ஊர் ஒத்திருப்பது வியப்பளிக்கும். ஹவானா ஆலைகளில் 1865 முதல், தொழிலாளர் தம் கூலியிலிருந்து பங்கு போட்டு ஒருவரை அமர்த்தி, செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிக்கச் செய்தார்கள். 1935இல் தொடங்கிய மான்டிகிறிஸ்டோ என்ற சுருட்டுப் பெயர் அப்படி வாசிக்கப்பட்ட அலெக்சாந்தர் துய்மாவின் நாவலிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கண்ணூரின் பீடிக் கூடங்களிலும் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டபடி சுற்றுவது வழக்கம். அங்கே பொதுவுடைமை இயக்கம் வேர்விட்டதில் அந்த வாசிப்புக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களும் இதே மரபைச் சேர்ந்தவை. கை ஓயாமல் இயங்க, காது திறந்திருக்கும் தொழில் இது. இந்தியாவில் 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வேலைநேரம், விடுப்பு, வேலையிடம் ஆகியவற்றுக்கு விதி வகுத்தது. இலை விளைவித்தவருக்கும் அதைப் பறித்துச் சுமந்தவருக்கும் அதில் இடம் இருக்கவில்லை. ஈர இலையைத் தொட்டுத் தூக்கும் கைகளின் தோல்வழி நிக்கோட்டின் ஏறி, வாந்தியும் தலைச்சுற்றலும் வரும் நோய் உழவுத் தொழிலாளருக்கு உரியது. பெட்டியின் மேலுள்ள எந்தப் பெயரும் அதைக் காட்டாது.

வெற்றிலைப் பெட்டியின் பலம்

இனி, மண்ணால் மட்டும் விளக்க முடியாத மறுபாதி. கியூப உழவரின் இலைக்குச் சுருட்டைவிட நல்ல விலை தரும் வேறு வாய்க்கால் கிடையாது. அதனால் வுவெல்தா அபாஹோவின் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் ஊர்களின் முழு அறிவும் நல்லபடி எரியும் இலையை நோக்கியே குவிந்தது. திண்டுக்கல் உழவருக்கு எப்போதும் இன்னொரு வாங்குபவர் வாசலில் நின்றார்: மெல்லும் புகையிலை வியாபாரி. பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பும் புகையிலை விடு தூதைச் சீனிச்சர்க்கரைப் புலவர் பாடியதை எண்ணினால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் புகையிலை எவ்வளவு உள்ளே புகுந்துவிட்டது என்பது தெரியும். மலையாளக் கரைக்கும் இங்கிருந்து இலை போனது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலபாரில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு புகையிலையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தபோது கோயம்புத்தூர்ச் சீமை இலைக்கு அது பெரிய வாசல்.

மெல்லும் இலை வியாபாரி எடைக்கும் காரத்துக்கும் பணம் கொடுத்தார். சுருட்டுக்காரர் மென்மைக்கும் எரிதலுக்கும் பணம் கொடுக்க வேண்டியவர். ஆனால் அவர் வாங்கியது சிறிய பங்கு. உவர்நீர் பாய்ந்தாலும், கூடுதல் உரமிட்டாலும் முதலாமவர் குறை சொல்லமாட்டார், இரண்டாமவர் தள்ளிவிடுவார். இந்நிலையில் உழவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் ஐயம் வேண்டியதில்லை. விதைத் தேர்வு, பாசனம், பாடம் எல்லாம் மெல்ல மெல்ல மெல்லும் புகையிலையை நோக்கி நகர்ந்தன. இன்று தமிழ்நாட்டில் விளைவதில் பெரும்பகுதி மெல்லும் புகையிலையே. கடந்த அரை நூற்றாண்டில் திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஆலைக் கழிவு நிலத்தடி நீரில் உப்பை மேலும் ஏற்றியது. சுருட்டிலைக்கு மீதமிருந்த நல்ல கிணறுகளும் சுருங்கின.

திருச்சி என்ற பெயர் இந்தச் சரிவைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. பெயரின் உடைமையாளர் இலையின் உடைமையாளர் அல்லர். ஹவானாவில் நகரின் பெயரும் தீவின் வயலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன: கியூபாவில் விளைந்த இலையைக் கொண்டு அங்கேயே சுற்றியது மட்டுமே ஹவானா. 1960இல் ஆலைகள் அரசுடைமையாகி, 1962இல் அமெரிக்கா வணிகத் தடை விதித்தபின், நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் விதையையும் கைப்பழக்கத்தையும் நிகராகுவா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோனார்கள். மான்டிகிறிஸ்டோ போன்ற பெயர்களுக்கு இன்று அமெரிக்காவில் ஒருவரும் மற்ற நாடுகளில் வேறொருவரும் உடைமையாளர். வணிகப்பெயர் அப்படி இரண்டாகப் பிளந்தபோதும் வயலின் பெயர் பிளக்கவில்லை. நிகராகுவாவின் எஸ்டெலியும் ஹோண்டுராஸின் ஹமஸ்த்ரானும் கியூபாவின் பெயரில் ஒட்டிக்கொள்ளாமல் தமக்கென்று பெயர் தேடிக்கொண்டன. வயலுக்குப் பெயர் இருந்தால்தான் அந்த வயலின் தரத்தைக் காப்பதில் யாருக்கேனும் ஆதாயம் இருக்கும்.

புவிசார் குறியீடும் அதன் ஓட்டையும்

1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. சிறுமலை வாழையும், பழனிப் பஞ்சாமிர்தமும், திண்டுக்கல் பூட்டும் அதன்கீழ்ப் பதிவாகியுள்ளன. சுருட்டுக்கும் இத்தகைய காப்பு வேண்டும் என்ற பேச்சைத் திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் அவ்வப்போது கேட்கலாம். அந்தப் பேச்சு ஒன்றை மறந்துவிடுகிறது. செய்பொருள்களைப் பொறுத்தவரை, உற்பத்தி, பதப்படுத்துதல், தயாரித்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்த எல்லைக்குள் நடந்தால் போதும் என்கிறது சட்டம். அதன்படி எங்கிருந்தோ வந்த இலையை உறையூரில் சுற்றினாலும் திருச்சி என்ற பெயர் செல்லும். 19ஆம் நூற்றாண்டில் நடந்த அதே விடுபடல், இம்முறை சட்டத்தின் முத்திரையோடு நடக்கும்.

சுருட்டு தீங்கற்றது என்று இங்கே வாதிடவில்லை. சுருட்டுப் புகை வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. ஆந்திரக் கடலோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா பிடிக்கும் பெண்களின் மேலண்ணப் புற்றுநோய் மருத்துவ நூல்களில் இடம்பெற்ற துயரம். மெல்லும் புகையிலையின் கணக்கு இந்தியாவில் இன்னும் பெரியது. ஆனால் ஒரு பயிர் குறைய வேண்டும் என்று விரும்புகிறவருக்கும், அது யாருடைய நிலத்தில், யாருடைய நீரில், யாருடைய உழைப்பில் நிற்கிறது என்ற கணக்கு தேவை. மாற்றுப் பயிர் பற்றிப் பேசும்போது, உவர்நீர்க் கிணறு வைத்திருக்கும் வேடசந்தூர் உழவருக்கும் நல்ல நீர் வைத்திருப்பவருக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது. புகையிலை எந்தக் கிணற்றில் எப்படி நின்றது என்ற பழைய அறிவு அங்கே நேரடியாகப் பயன்படும்.

இலை நிலங்களின் பெயர் முற்றாக அழிந்துவிடவும் இல்லை. சுருட்டுக்கென்று ஆய்வு நிலையத்தார் பரிந்துரைத்த வகைகளின் பெயர்கள் பவானி ஸ்பெஷல், செந்தாரப்பட்டி ஸ்பெஷல், லங்கா ஸ்பெஷல். பவானி காவிரிக் கரையில், செந்தாரப்பட்டி சேலம் மாவட்டத்தில், லங்கா கோதாவரியில். எந்தப் பெட்டியிலும் ஏறாத இந்த ஊர்கள் விதைப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. யாரேனும் திருச்சிச் சுருட்டின் பெயருக்குச் சட்டக்காப்பு கோரி விண்ணப்பம் எழுதினால், உள் இலையின் ஊர், வகை, பாசன நீரின் உப்பளவு, பாடம் செய்யும் காலம் ஆகிய நான்கையும் அதில் நிபந்தனையாக வைக்க வேண்டும். ஊசிக்காப்பல் விளைந்த ஊர்களின் உழவர்களும் விண்ணப்பதாரராக அதில் கையெழுத்திட வேண்டும்.